ஆட்டத்துக்கு நடுவே ஓர் அழுகை

கை கூடிய காதலைப் பற்றிக் கதை எழுதுகிறவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. கதாநாயகனும் கதாநாயகியும் மாலை மாற்றிக்கொண்டவுடன் வாசகர்கள் புத்தகத்தை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்தத் தம்பதிகள் எத்தனை சுகமாக வாழ்ந்தாலும் அதைக் கேட்க ஆள் கிடையாது. கை கூடாத காதல் அப்படியல்ல. எப்போதோ படித்த நாவலில் யார் யாரை மணந்துகொண்டார்கள் என்பது மறந்து போகும். யார் யாருக்காகக் காத்திருந்து ஏமாந்தார்கள் என்பது மட்டும் ஞாபகத்தில் நிற்கும்.

நம் முன்னோர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். தொல்காப்பியர் அகத்திணைகளை ஏழாக எண்ணத் தொடங்கியபோது, ஒருதலைக் காமமாகிய கைக்கிளையைத்தான் வரிசையில் முதலில் வைத்தார். புறநானூற்றில் நக்கண்ணையார் என்ற பெண்பாற் புலவர், மற்போரில் வல்லவனான போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்ற சோழனை எண்ணி ஏங்கிப் பாடிய மூன்று பாட்டுக்கள் இருக்கின்றன. மூன்றும் கைக்கிளைதான். அந்தப் பெண்ணுக்கு ஒரு பக்கம் தாயிடத்தில் அச்சம். மற்றொரு பக்கம் ஊர் கூடியிருக்கும் அவையின் முன்னே நாணம். ஏக்கம் முழுவதும் உள்ளுக்குள்ளேயே கிடந்து உழல்கிறது. ஒருதலைக் காதல் என்றாலே இப்படித்தான். அது தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழ வேண்டிய விஷயம்.

அந்த அழுகை கதவைத் திறந்துகொண்டு அவை நடுவே வந்து நின்றால் எப்படி இருக்கும்? அதுவும் வர்ண விளக்குகள் சுழல, நானூறு ஐந்நூறு பேர் ஆடிக்கொண்டிருக்கும் கூடத்தின் மத்தியில்? 1977-ம் வருஷத்துக் கடைசியில் வெளிவந்து, 1978-ல் அமெரிக்காவையே ஆட்டி வைத்த ஒரு பாட்டு அந்தக் காரியத்தைச் செய்தது. "இஃப் ஐ கான்ட் ஹாவ் யூ" என்பது அதன் பெயர். "நீ எனக்குக் கிடைக்காவிட்டால்" என்று பொருள். பாடியவர் இவோன் எலிமன். அது ஒரு டிஸ்கோ பாட்டு.

வாசகர்களில் சிலர் முகத்தைச் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. "டிஸ்கோவா? அது வெறும் கூத்தல்லவா? அதற்கும் சோகத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. டிஸ்கோ என்றதும் கண்ணைப் பறிக்கும் சட்டையும் கண்ணாடி உருண்டையும்தானே ஞாபகத்துக்கு வருகின்றன! ஆனால் அந்தச் சங்கீதத்தின் சரித்திரத்தைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால் சோகம் அதன் வேரிலேயே இருப்பது தெரியும்.

டிஸ்கோதெக் என்பது பிரெஞ்சுச் சொல். வாத்தியக்காரர்கள் இல்லாமல், இசைத்தட்டுக்களை வைத்து ஆடும் கூடத்துக்கு அந்தப் பெயர். நியூயார்க் நகரத்தில் 1970-ம் வருஷம் பிப்ரவரி மாதம், டேவிட் மான்குஸோ என்பவர் பிராட்வே வீதியிலிருந்த தம்முடைய வீட்டிலேயே ஒரு நடன விருந்து நடத்தினார். காதலர் தினத்தை ஒட்டி நடந்த விருந்து அது. அங்கே மது விற்பனை இல்லை. அழைப்பு உள்ளவர்கள் மட்டுமே வரலாம். வந்தவர்களில் கறுப்பர்கள் இருந்தார்கள். ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்களின் பிள்ளைகள் இருந்தார்கள். ஆணாயிருந்து ஆணையே நேசித்ததால் ஊராரின் ஏளனத்துக்கு ஆளானவர்களும் இருந்தார்கள். 1960-களில் அந்த ஊரில் ஆணும் ஆணும் சேர்ந்து ஆடினாலே போலீஸ்காரர்கள் வந்துவிடுவார்கள். ஆகவே, பகலில் தன் அன்பை வாய் விட்டுச் சொல்ல முடியாதவர்கள் இரவில் கூடி ஆடிய இடங்களில்தான் டிஸ்கோ வளர்ந்தது. சொல்ல முடியாத அன்பைப் பற்றி அவர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

டிஸ்கோவின் தாளமும் அப்படிப்பட்டதுதான். காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்மில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று ஒவ்வோர் எண்ணிக்கையிலும் தவறாமல் ஓர் அடி விழும். பிலடெல்பியா நகரத்து எர்ல் யங் என்ற டிரம் வாசிப்பவர் 1973-ல் ஒரு பாட்டுக்கு இப்படி அடித்ததுதான் பின்னால் வந்த டிஸ்கோவுக்கெல்லாம் முன்மாதிரி என்பார்கள். ஹெரால்ட் மெல்வினும் புளூ நோட்ஸ் குழுவினரும் பாடிய பாட்டு அது. அது எதைப் பற்றியது தெரியுமா? இழந்துபோன காதலைப் பற்றியது! முதலில் அதை விளம்ப காலத்தில் பாடுவதாகத்தான் எண்ணியிருந்தார்களாம். பிறகு வேகத்தைக் கூட்டினார்கள். அழ வேண்டிய பாட்டை ஆட வேண்டிய பாட்டாக மாற்றினார்கள். டிஸ்கோ பிறந்த வேளையே அப்படி.

இனி நம்முடைய பாட்டுக்கு வருவோம். அது பிறந்த கதையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எங்கே தேடினாலும் அதில் உடைந்த இதயம் ஒன்று கூட அகப்படாது.

1976-ம் வருஷம் ஜூன் மாதம் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் நிக் கோன் என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். புரூக்ளின் பகுதியில் வாரம் முழுவதும் உழைத்துவிட்டுச் சனிக்கிழமை இரவு மட்டும் நடனக் கூடத்தில் ராஜாவாகத் திகழும் ஒரு வாலிபனைப் பற்றிய கட்டுரை. உண்மை நிகழ்ச்சி என்றே எல்லோரும் நம்பினார்கள். அந்தக் கதாநாயகன் தம்முடைய கற்பனை என்று கட்டுரையாசிரியர் பின்னாளில் ஒப்புக்கொண்டார். கதை எழுதிப் பிழைக்கிற என்னால் அவரைக் கடிந்துகொள்ள முடியவில்லை! அந்தக் கட்டுரையின் உரிமையை ராபர்ட் ஸ்டிக்வுட் என்ற தயாரிப்பாளர் வாங்கினார். அதுவே "சாட்டர்டே நைட் ஃபீவர்" என்ற படமாகி 1977 டிசம்பரில் வெளிவந்தது. ஜான் டிரவோல்டா கதாநாயகன். அந்தப் படத்தில் அனெட் என்று ஒரு பெண் வருகிறாள். கதாநாயகன்மேல் உயிரையே வைத்திருக்கிறாள். அவனோ அவளை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. ஒருதலைக் காதல் கதையிலேயே இருந்தது.

படத்துக்குப் பாட்டு வேண்டுமே! பாரி, ராபின், மாரிஸ் என்ற கிப் சகோதரர்கள் மூவரும் பீ ஜீஸ் என்ற பெயரில் பாடி வந்தார்கள். அவர்கள் அப்போது பிரான்ஸ் தேசத்தில், பாரிஸுக்கு வெளியே எரூவில் என்ற ஊரிலுள்ள பழைய மாளிகையில் ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தார்கள். ஸ்டிக்வுட் தொலைபேசியில் கூப்பிட்டு, "ஒரு படம் எடுக்கப் போகிறேன், பாட்டுக்கள் வேண்டும்" என்ற தோரணையில் கேட்டார். படத்தின் கதை வசனத்தைப் படித்துப் பார்க்காமலேயே சகோதரர்கள் எழுதிக் கொடுத்தார்கள். "நீ எனக்குக் கிடைக்காவிட்டால்" என்ற பாட்டும் அவற்றில் ஒன்று.

அந்த மாளிகையில் நடந்த இன்னொரு சம்பவத்தையும் சொல்லவேண்டும். ஒலிப்பதிவு நடந்துகொண்டிருக்கையில் டிரம் வாசிப்பவர் குடும்பத்தில் நேர்ந்த கஷ்டத்தினால் ஊருக்குப் போய்விட்டார். வேறு ஆள் கிடைக்கவில்லை. அவர் முன்னமே வேறொரு பாட்டுக்கு அடித்து வைத்திருந்ததில் சிறு துண்டை எடுத்து, ஒலிநாடாவை வளையமாக ஒட்டி, அதையே திரும்பத் திரும்பச் சுழல விட்டார்கள். "ஸ்டேயிங் அலைவ்", அதாவது "உயிரோடிருத்தல்" என்ற புகழ் பெற்ற பாட்டின் தாளம் அப்படி உண்டானது. வாசித்தவர் துக்கத்தோடு ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார். தாளம் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. இன்று மருத்துவப் பயிற்சியில், நின்றுபோன இதயத்தை இயக்க மார்பை எந்த வேகத்தில் அழுத்தவேண்டும் என்பதற்கு அந்தப் பாட்டைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். நிமிஷத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது அழுத்தம் வேண்டும். பாட்டின் வேகமும் அதற்குள் அடங்குகிறது. அந்தப் பாட்டு தனி இசைத்தட்டாக வந்தபோது அதன் மறுபக்கத்தில் என்ன பாட்டு இருந்தது என்று நினைக்கிறீர்கள்? கிப் சகோதரர்கள் தாங்களே பாடிய "நீ எனக்குக் கிடைக்காவிட்டால்" தான்! ஒரு பக்கத்தில் உயிரோடு இருந்தே தீர்வேன் என்கிற துடிப்பு. தட்டைத் திருப்பினால் கிடைக்காதவரை எண்ணிப் புலம்பல். யாரும் தத்துவம் பேசி அப்படி அமைத்ததாகத் தெரியவில்லை. ஆயினும் ஒருதலைக் காதலைப் பற்றி இதைவிடப் பொருத்தமாக ஒரு பொருளைச் செய்துவிட முடியாது.

பாட்டை உலகத்தின் காதில் சேர்த்தவர் இவோன் எலிமன். 1951-ல் ஹவாய்த் தீவுகளிலுள்ள ஹொனலூலுவில் பிறந்தவர். ஜப்பானிய இரத்தமும் ஐரிஷ் இரத்தமும் கலந்த குடும்பம். பள்ளிப் படிப்பு முடிந்ததும் லண்டனுக்குப் போய் ஒரு விடுதியில் பாடிக்கொண்டிருந்தார். அங்கே அவருடைய குரலைக் கேட்ட இரண்டு பேர் தங்கள் இசை நாடகத்தில் ஒரு வேஷம் கொடுத்தார்கள். ஆண்ட்ரூ லாயிட் வெபரும் டிம் ரைஸும்தான் அவர்கள். நாடகம் "ஜீஸஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்". வேஷம் மேரி மக்தலேனா. 1970-ல் இசைத்தட்டிலும், 1971-ல் பிராட்வே மேடையிலும், 1973-ல் சினிமாவிலும் அதே வேஷம். அதில் அவர் பாடிய பாட்டு, தன்னால் எட்ட முடியாத ஒருவரை எப்படி நேசிப்பதென்றே தெரியாமல் திகைக்கும் ஒரு பெண்ணின் பாட்டு. இருபது வயது ஆவதற்கு முன்பே அவருடைய தொண்டை கைக்கிளைக்குப் பழகிவிட்டது என்று சொல்லலாம்.

1977-ல் அவருக்குக் கிடைக்க இருந்தது வேறு பாட்டு. "ஹவ் டீப் இஸ் யுவர் லவ்" என்ற மெல்லிய காதல் பாட்டை அவருக்கென்று எண்ணியிருந்தார்கள். அதைச் சகோதரர்களே பாடவேண்டும் என்று ஸ்டிக்வுட் பிடிவாதம் பிடித்தார். கை கூடிய காதலின் பாட்டு அவர்களுக்குப் போயிற்று; கை கூடாத காதலின் பாட்டு இவர் பங்குக்கு வந்தது. ஃப்ரெட்டி பெரன் என்ற தயாரிப்பாளர் அதை ஒலிப்பதிவு செய்தார். 1978 மே 13-ந் தேதியிட்ட பில்போர்டு பட்டியலில் அது முதலிடத்துக்கு வந்தது. ஒரே ஒரு வாரம்தான் அங்கே இருந்தது. ஆனால் அது இறக்கிவிட்ட பாட்டு எது? எட்டு வாரமாக அசையாமல் இருந்த "நைட் ஃபீவர்" என்ற பீ ஜீஸ் பாட்டு! ஒரே படத்திலிருந்து முதலிடத்துக்கு வந்த நான்காவது பாட்டு இது. படத்தின் இசைத்தட்டுத் தொகுப்போ தொடர்ந்து 24 வாரம் அமெரிக்காவில் முதலிடத்தை விட்டு நகரவில்லை.

ஆக, ஆதாரமாக இருந்த கட்டுரை கற்பனை. பாட்டு தொலைபேசியில் கேட்டு வாங்கியது. பாடகிக்கு அது மாற்றிக் கொடுத்த பாட்டு. உண்மையான துக்கம் எங்கே இருந்தது? பாட்டைக் கேட்டவர்களிடம் இருந்தது என்பதுதான் என்னுடைய பதில்.

அந்தப் பாட்டைக் கூர்ந்து கவனியுங்கள். அதில் ஊர் இல்லை, பேர் இல்லை, பிரிந்ததற்குக் காரணம் இல்லை. அவர் எப்படிப்பட்டவர், கறுப்பா சிவப்பா, எங்கே சந்தித்தார்கள் என்ற ஒரு விவரமும் இல்லை. இருப்பதெல்லாம் "நீ" என்ற ஒரு சொல். நம்முடைய "நீ"யைப் போலவே ஆங்கிலத்திலும் அந்தச் சொல்லுக்கு ஆண், பெண் என்ற பேதம் கிடையாது. ஆண்கள் எழுதிய பாட்டு. ஒரு தட்டில் ஆண்களும் மற்றொன்றில் பெண்ணும் பாடினார்கள். எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. நாவலாசிரியன் இப்படி எழுதினால் பாத்திரப் படைப்பு போதாது என்று விமர்சகர்கள் பிடித்துக்கொள்வார்கள். பாட்டில் அதுவே பலமாகிவிட்டது. பாட்டு ஓர் ஆசனத்தைக் காலியாகப் போட்டு வைத்திருக்கிறது. கேட்கிறவர்கள் ஒவ்வொருவரும் தம் தம் மனத்திலுள்ளவரை அங்கே கொண்டுவந்து உட்கார்த்தி வைக்கிறார்கள். யாரை உட்கார்த்தி வைத்தோம் என்று பக்கத்திலிருப்பவரிடம் சொல்ல வேண்டியதில்லை. சொல்ல முடியாதவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சலுகை!

இரண்டாவதாக, குரலும் தாளமும் ஒன்றோடொன்று வழக்காடுகின்றன. சரணங்களில் குரல் அடங்கித் தணிந்து வருகிறது. பல்லவி வந்ததும் பிடில்களெல்லாம் கூடவே எழும்ப, அழுத்தமாக உயருகிறது. உன்னைத் தவிர எவரும் வேண்டாம், இனி எனக்கு ஒன்றுமே இல்லை என்று வார்த்தைகள் பிடிவாதம் பிடிக்கின்றன. தாளமோ, "அப்படியா? சரி, இந்த அடிக்குக் காலை எடுத்து வை" என்கிறது. அடுத்த அடி, அதற்கடுத்த அடி. வாய் ஒன்று சொல்ல, கால் வேறொன்று செய்கிறது. வாழ்க்கையில் நடப்பதும் இதுதானே? மனம் உடைந்த பெண் மறுநாள் காலையில் எழுந்து அடுப்பு மூட்டத்தான் வேண்டியிருக்கிறது. வாலிபன் பஸ் பிடித்து ஆபீசுக்குப் போகத்தான் வேண்டியிருக்கிறது. துக்கம் ஒருவரை நிறுத்திவிடுவதில்லை. கூடவே நடந்து வருகிறது.

இதே ஃப்ரெட்டி பெரன் அதே 1978-ல் இன்னொரு பாட்டை டினோ ஃபெகாரிஸ் என்பவருடன் சேர்ந்து எழுதித் தயாரித்தார். குளோரியா கேய்னர் பாடிய "ஐ வில் சர்வைவ்". "நான் பிழைத்துக்கொள்வேன்" என்று அர்த்தம். மேடையில் விழுந்து முதுகெலும்பில் சிகிச்சை செய்துகொண்ட கேய்னர், முதுகைத் தாங்கும் கவசத்தோடு அதைப் பாடினார். முதலில் அதைத் தட்டின் மறுபக்கத்தில்தான் போட்டார்கள். கூடங்களில் தட்டு வைப்பவர்கள் திருப்பிப் போட்டுப் பிரபலமாக்கினார்கள். 1979 மார்ச்சில் அதுவும் முதலிடத்துக்கு வந்தது. விட்டுப் போனவன் திரும்பி வந்தாலும் கதவைக் காட்டுகிற வீராங்கனை அதில் பேசுகிறாள். உலகம் அதிகமாகக் கொண்டாடுவது அந்தப் பாட்டைத்தான். அதன் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் துணிச்சல் வருவதற்கு முன்னால் ஒரு காலம் உண்டு. அந்தக் காலம் சிலருக்கு ஒரு வாரம். சிலருக்கு ஆயுள் முழுவதும். பிழைத்துக்கொண்டேன் என்று சொல்ல இன்னும் முடியாதவர்களுக்கும் ஒரு பாட்டு வேண்டாமா? அவர்களிடம் "தைரியமாயிரு" என்று புத்தி சொல்லாமல், அவர்களோடு சேர்ந்து ஆட ஒரு பாட்டு வேண்டாமா? எலிமன் பாடியது அந்தப் பாட்டு.

டிஸ்கோவை உலகம் நிம்மதியாக விட்டுவைக்கவில்லை. 1979 ஜூலை 12-ந் தேதி சிகாகோ நகரத்து கொமிஸ்கி பார்க் மைதானத்தில் இரண்டு பேஸ்பால் ஆட்டங்கள் நடக்க இருந்தன. ஸ்டீவ் டால் என்ற வானொலி அறிவிப்பாளர், டிஸ்கோ தட்டுக்களைக் கொண்டுவந்து கொடுங்கள், வெடி வைத்துத் தகர்க்கிறேன் என்று அழைப்பு விடுத்தார். தட்டு ஒன்று கொண்டுவந்தவர்களுக்கு டிக்கட் 98 சென்ட்தான். ஆயிரக்கணக்கானவர்கள் வந்து குவிந்தார்கள். முதல் ஆட்டம் முடிந்ததும் வெடி வெடித்தது. கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. இரண்டாவது ஆட்டமே நடக்கவில்லை. மைதானத்தில் வேலை பார்த்த கறுப்பு வாலிபர் வின்ஸ் லாரன்ஸ், வந்த தட்டுக்களில் டிஸ்கோவுக்குச் சம்பந்தமே இல்லாத கறுப்பர் சங்கீதமும் நிறைய இருந்ததைக் கவனித்தாராம். அவர்கள் வெறுத்தது தாளத்தை மட்டுமல்ல என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. ஆனால் விதியின் விளையாட்டைப் பாருங்கள். அதே சிகாகோவில், வேர்ஹவுஸ் என்ற கூடத்தில் ஃபிராங்கி நக்கிள்ஸ் என்பவர் அந்தத் தாளத்தை அணையாமல் காப்பாற்றிக்கொண்டிருந்தார். 1980-களில் அதிலிருந்து ஹவுஸ் என்ற புதிய சங்கீதம் கிளம்பிற்று. அதன் முன்னோடிகளில் மேற்சொன்ன வின்ஸ் லாரன்ஸும் ஒருவர்!

எலிமன் அந்த வெற்றிக்குப் பின் நெடுநாள் பாட்டுலகில் தங்கவில்லை. குடும்பத்தைக் கவனிக்க விலகிவிட்டார். 2004-ல்தான் புதிய தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். பெரன் 2004-ல் காலமானார். கிப் சகோதரர்களில் மாரிஸ் 2003-லும் ராபின் 2012-லும் மறைந்தார்கள். பாட்டை 1993-ல் கிம் வைல்ட் என்ற ஆங்கிலப் பாடகி மறுபடியும் பாடினார். படத்தின் இசைத்தொகுப்பு இன்று அமெரிக்க நாட்டின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் பாதுகாக்கப்படுகிறது. கொளுத்தியவர்களின் பெயரை இன்று சரித்திர ஆராய்ச்சிக்காரர்கள் மட்டுமே ஞாபகம் வைத்திருக்கிறார்கள். பாட்டையோ, அது வெளிவந்த காலத்தில் பிறந்தே இராதவர்கள் இன்றைக்கும் கேட்கிறார்கள்.

அந்த இசைத்தட்டின் கடைசியில் ஒரு நுட்பம் இருக்கிறது. பாட்டு முடிவதில்லை. அவர் கிடைத்தார் என்றோ, மறந்துவிட்டேன் என்றோ சொல்லி நிற்பதில்லை. பல்லவியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டே இருக்கும்போது ஒலி கொஞ்சம் கொஞ்சமாக மங்கி நம் காதுக்கு எட்டாமல் போய்விடுகிறது. எங்கேயோ இன்னும் அவள் பாடிக்கொண்டிருக்கிறாள், ஆட்டம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்றுதான் நமக்குத் தோன்றுகிறது.

நக்கண்ணையாரின் சோழன் அவருக்கு என்ன பதில் சொன்னான் என்பதற்கு ஏட்டில் இடமில்லை. அவர் அவைக்கு அஞ்சி ஒடுங்கி நின்றார். ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்துக்குப் பிறகு, வேறொரு தேசத்தில், அதே ஏக்கம் அவைக்கு நடுவே வந்து நின்றது. சுற்றியிருந்தவர்கள் சிரிக்கவில்லை, கூட ஆடினார்கள். ஒவ்வொருவருக்கும் உள்ளே ஒரு காலி ஆசனம் இருந்ததுதான் காரணம்.